கீலும் நெய்யும்: தமிழகக் கலங்களின் வெளிமரக் காப்பு – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கடற்கரையில் வழங்கிய மரக்கலங்களின் வெளிப்புறத்துக்கு எத்தகைய காப்புப் பூச்சு தேர்ந்துகொள்ளப்பட்டது, அத்தேர்வுக்கு அடிப்படை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சங்க இலக்கியம், அயலகப் பயணியர் குறிப்புகள், பூச்சுப் பொருள்களின் சொல்வரலாறு, இருபதாம் நூற்றாண்டு மரக்காப்பு ஆய்வு ஆகியவை சான்றுகளாகின்றன. கலம் எவ்வளவு காலம் நீரில் கிடந்தது, எவ்வாறு கரையேறி உலர்ந்தது என்பதே பூச்சைத் தீர்மானித்தது என்பதும், பூசாமை சில கலங்களுக்குத் தேர்ந்த காப்பு முறையாகவே இருந்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மரக்கலம், கட்டுமரம், மீன்நெய், குங்கிலியம், கீல், கலப்பற்று, கப்பற்புழு.

முன்னுரை

கி.பி. 6ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் போர்களை எழுதிய புரோகோப்பியசு, இந்தியக் கடலில் செல்லும் கலங்களைப் பற்றி ஒரு குறிப்புத் தருகிறார். அவற்றுக்குக் கீல் பூசுவதில்லை, வேறெப்பொருளும் பூசுவதில்லை, பலகைகளை இரும்பாணியால் பிணிப்பதுமில்லை, கயிற்றால் கட்டுகின்றனர் என்பது அக்குறிப்பின் சாரம். கடலடியில் காந்தப் பாறைகள் இருப்பதால்தான் இரும்பு தவிர்க்கப்படுகிறது என்று சொல்லப்படும் கதையை அவரே மறுத்துவிடுகிறார். கப்பல் வரலாற்றை ஆராய்ந்தோர் இக்குறிப்பின் இரும்பைப் பற்றிய பகுதியையே பெரிதும் எடுத்துப் பேசினர். பூச்சைப் பற்றிய பகுதி அவ்வளவு கவனம் பெறவில்லை.

அப்பகுதியே இக்கட்டுரையின் தொடக்கம். நடுநிலக்கடல் கப்பற்காரனுக்குக் கீல் பூசாத கலம் காப்பற்ற கலமாகும். அவனுடைய கண்ணால் பார்த்தவர் எழுதியதைப் பிற்காலத்தார் அப்படியே ஏற்றுக்கொண்டபோது, இந்தியக் கலம் குறைப்பட்ட கலம் என்ற கருத்து நிலைபெற்றது. அதற்கு எதிர்நிலையில் நின்று, சங்கப் பாடல்களிலேயே மரக்காப்புத் தொழில்நுட்பம் முழுமையாகச் சொல்லப்பட்டுள்ளது என்று கூறுவாரும் உளர். இரண்டு நிலைகளும் ஒரே கேள்வியைக் கேட்கத் தவறுகின்றன. எந்தக் கலத்துக்கு, எந்தப் பகையிலிருந்து காப்பு?

கலமரத்தின் பகைகள்

கலத்தின் வெளிமரம் ஒரே பகையை எதிர்கொள்வதன்று. நீர்மட்டத்துக்குக் கீழே கப்பற்புழு முதற்பகை. புழு என்று பெயர் பெற்றாலும் அது சிப்பி இனத்தது. நீரில் மிதந்து திரியும் அதன் இளவுயிர் மரத்தில் ஒட்டிக்கொண்டு, ஊசித் துளை அளவே வாயில் வைத்து உட்புகுந்து, மரத்தைக் குடைந்தபடி உள்ளேயே வளர்கிறது. வெளிப்புறம் நலமாகத் தோன்றும் பலகை உள்ளே தேன்கூடு போலாகியிருக்கும். உளுத்துப்போதல் என்று தமிழ் சொல்லும் நிலையின் கடற்கொடுமை இது. வெப்பக் கடல்களில் இதன் பெருக்கம் மிகுதி.

நீர்மட்டத்துக்கு மேலே நிலைமை வேறு. கடலின் உப்பு மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு ஓரளவு தடையாகிறது. மழைநீரோ அத்தடையைக் கழுவிவிடுகிறது. மரத்தின் ஈரம் ஏறத்தாழ 20 விழுக்காட்டைக் கடந்து நெடுநாள் நிற்குமானால் அழுகல் தொடங்கும். ஆகவே கடற்கலத்தின் மேற்பலகையைக் கெடுப்பது பெரும்பாலும் கடல்நீரன்று, தேங்கிய மழைநீர். அடுத்தது வெயில். மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சூரியனின் புறஊதாக் கதிர் சிதைக்கிறது. மரம் நரைத்து, நார் பிரிந்து, வெடிப்பு விடுகிறது. இவற்றோடு மணலையும் சேர்க்கவேண்டும். துறைமுகமில்லாத கடற்கரையில் நாள்தோறும் கலத்தை மணலில் இழுத்தேற்றும்போது அடிப்பலகையில் பூசிய எதுவும் உராய்ந்து போகும்.

புழுவுக்கு எதிராகப் பூசத்தக்க பொருள் வெயிலைத் தாங்காது. வெயிலைத் தாங்கும் எண்ணெய் புழுவை நிறுத்தாது. கெட்டியான படலம் நீரைத் தடுக்கும். ஆனால் நெகிழும் பலகையின்மேல் அது வெடிக்கும். எனவே எல்லாக் கலத்துக்கும் ஏற்ற ஒரே பூச்சைத் தேடுவது வீண்.

சங்க இலக்கியச் சான்றும் அதன் எல்லையும்

சங்க இலக்கியத்தில் அம்பி, திமில், பஃறி, தோணி, ஓடம், நாவாய், வங்கம், கலம் எனப் பெயர்கள் பல. இப்பெயர்ப் பெருக்கத்துக்கு ஒப்ப, கலம் பேணும் முறை பற்றிய செய்தி கிடைப்பதில்லை. கிடைப்பவற்றுள் முதன்மையானது நற்றிணை 315ஆம் பாடல். ஆண்டுகள் பல கழிந்து, அலை மோதி மோதிச் சிதைந்து, தொழிலுக்கு உதவாத நிலையை அடைந்த பழைய அம்பி ஒன்று அதில் வருகிறது. உழைத்து ஓய்ந்த எருதை உழவர் புல்லுள்ள தோட்டத்தில் விட்டுவிடுவது போல, அந்த அம்பியைப் பரதவர் புன்னை நிழலில் அடிமரத்தோடு பிணித்துவிடுகின்றனர். அதற்கு இனி நறும்புகை காட்டுவதில்லை என்றும் பாடல் சொல்கிறது. அப்படியானால் தொழிலில் இருக்கும் கலத்துக்குப் புகை காட்டும் வழக்கம் இருந்தது என்று பெறப்படும்.

இப்புகையை மரத்தில் பூச்சி அணுகாமல் காக்கும் செயல் என்று விளக்கத் தோன்றும். அவ்வாறு கொள்வது மிகை. பாடல் தெய்வத்தையும் குறிக்கிறது. புகை நறுமணமுடையது என்றும் சொல்கிறது. வழிபாட்டுப் புகை என்பதே நேரிய பொருள். நிழலில் கட்டியதும் அவ்வாறே. நிழல் பலகையை வெயில் வெடிப்பிலிருந்து காக்கும் என்று ஒருவர் கூறலாம். நிழலில் ஈரம் உலராது தங்கி மரம் அழுகும் என்று மற்றொருவர் கூறலாம். இரண்டும் மரத்தின் இயல்புக்குப் பொருந்தும். பாடல் இரண்டுக்கும் சான்று தரவில்லை. வரலாற்றாய்வுக்கு அப்பாடல் தருவது வேறொன்று. கலத்துக்கு ஆயுள் உண்டு, அந்த ஆயுள் முழுதும் அதற்கு இடையறாத கவனிப்பு உண்டு, கவனிப்பு நின்ற நாளே அது தொழிலிலிருந்து நீங்கிய நாள் என்ற உணர்வு அதில் தெளிவாக இருக்கிறது. பூச்சு வரலாற்றுக்கு இது சிறிய செய்தியன்று.

மீன்நெய் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. கிளிஞ்சிலில் மீன்நெய் வார்த்து எரித்த சிறு விளக்கை நற்றிணை 175 காட்டுகிறது. மீன் கொழுப்பால் எரியும் சுடரை அதே நூலின் 215ஆம் பாடல் கூறுகிறது. காவிரி பாயும் சோழநாட்டைப் பாடும் பொருநராற்றுப்படையில் தேனும் கிழங்கும் கொண்டுவந்தவர் அவற்றுக்கு மாற்றாக மீன்நெய்யும் நறவும் பெற்றுச் செல்கின்றனர். ஆக, மீனிலிருந்து நெய் எடுக்கும் தொழிலும், அதை உள்நாட்டுக்கு விற்கும் அளவுக்கு மிகுதியான விளைவும் அக்காலக் கடற்கரையில் இருந்தன. அந்நெய்யைக் கலத்துக்குப் பூசினர் என்று எப்பாடலும் சொல்லவில்லை. பொருள் இருந்தது என்பது வேறு. அப்பொருள் இன்னதற்குப் பயன்பட்டது என்பது வேறு. இடைவெளியை நிரப்பப் பிறசான்று வேண்டும்.

பயணியர் கண்ட பூச்சு

அச்சான்று அரபுக் கடலின் மறுகரையிலிருந்து கிடைக்கிறது. 1183இல் செங்கடற்கரையின் ஐதாபுத் துறையில் கப்பலேறிய இப்னு சுபைர், அங்குள்ள கலங்கள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை என்றும், அவற்றுக்கு வேண்டிய மரம் இந்தியாவிலிருந்தும் ஏமனிலிருந்தும் வருகிறது என்றும் எழுதுகிறார். கட்டி முடித்த கலத்துக்கு நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறாவின் எண்ணெயோ தடவுகின்றனர். சுறாவின் எண்ணெயே சிறந்தது. அவர் கூறும் காரணம் கருதத்தக்கது. பவளப்பாறை மிகுந்த கடலில் மரம் மோதினால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கவேண்டும், அதற்காகவே எண்ணெய். நீர் புகாமல் தடுப்பது அவர் கூறும் முதற்பயன் அன்று.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் மார்க்கோ போலோ ஓர்முசுத் துறையில் கண்ட கலங்களும் நார்க்கயிற்றால் தைக்கப்பட்டவை, கீல் இல்லாதவை, மீனெண்ணெய் தடவியவை. அவற்றை அவர் மிகவும் இழிவாகப் பேசுகிறார். அவரே கீழைக்கடலின் பெருங்கப்பல்களை விவரிக்கும்போது, கீல் இல்லாமையால் சுண்ணாம்பையும் நறுக்கிய சணலையும் ஒருவகை மரத்தின் எண்ணெயோடு இடித்துப் பூசுகின்றனர், அக்கலவை பசையாகப் பிடித்துக்கொள்கிறது என்று வியக்கிறார்.

இவ்விரு குறிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் புரோகோப்பியசு சொன்னதன் தன்மை புலப்படும். கீல் இல்லை என்பதில் மூவரும் உடன்படுகின்றனர். வேறெதுவும் பூசுவதில்லை என்ற தொடரே ஐயத்துக்குரியது. மரத்தினுள் ஊறிவிட்ட எண்ணெய் கரிய படலமாகக் கண்ணுக்குத் தெரியாது. தொலைவிலிருந்து கேட்டு எழுதுபவருக்கு அது பூச்சாகவே தோன்றியிருக்காது. 6ஆம் நூற்றாண்டிலேயே எண்ணெய் தடவினர் என்று இதனால் மெய்ப்பிக்க இயலாது. எனினும் தடவவில்லை என்பதற்கு அவர் கூற்றைச் சான்றாகக் காட்டுவது இனிப் பொருந்தாது.

தைத்த கலத்துக்குக் கெட்டிப் பூச்சு ஏன் பொருந்தவில்லை என்பதைச் சோழமண்டலக் கடற்கரையின் மசூலாப் படகு விளக்கும். சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியது இப்படகே. பலகைகளை நார்க்கயிற்றால் தைத்து, மூட்டுவாயில் நாரை வைத்து இறுக்குவர். அலை முறியும் இடத்தில் படகு தரையில் மோதும்போது பலகைகள் ஒன்றோடொன்று அசைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் அங்கே நிலைக்கவில்லை. அசைவதற்கென்றே அமைந்த மூட்டின்மேல் இறுகிய படலம் ஒருநாளும் தங்காது. ஊறி நிற்கும் எண்ணெய் தங்கும்.

நெய், குங்கிலியம், சுண்ணாம்பு

மீனெண்ணெயின் கொழுப்பு அமிலங்களுள் பல காற்றுப் பட்டால் தடித்து இறுகும் இயல்புடையவை. சாளை எண்ணெயில் இவ்வியல்பு மிகுதி. சுறா ஈரல் எண்ணெய் வகைக்கேற்ப வேறுபட்டு, சில நெடுநாள் நெகிழ்ச்சியாகவே நிற்கும். மரத்தினுள் இறங்கிய எண்ணெய் ஈரம் ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் வெடிப்புக் குறைகிறது. அது உரிவதில்லை, தேய்கிறது. தேய்ந்ததன்மேல் மறுபடி பூசப் பழைய பூச்சைச் சுரண்டவேண்டியதில்லை. குறை என்னவெனில், அடிக்கடி பூசவேண்டும், நாற்றமும் உண்டு. கேரளத்தின் சுண்டன் வள்ளங்களுக்கு மீனெண்ணெயோடு சிரட்டைக் கரியும் முட்டையும் சேர்த்துப் பூசும் வழக்கத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. எண்ணெய் தனியாக வெயிலைத் தடுப்பதில்லை, கரி தடுக்கும். அந்தக் கருமை அழகுக்கு மட்டும் உரியதன்று.

தாவர எண்ணெய்களுள் புன்னை எண்ணெய் கடற்கரைக்கே உரியது. புன்னையின் நெட்டையான மரம் பாய்மரத்துக்கு உதவியது. ஆங்கிலேயர் ‘பூன்’ என்று வழங்கிய பாய்மரக் கட்டைகள் புன்னை இனத்தவை. விதையின் எண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் உதவியது. ஒரே மரம் கலத்துக்கு உறுப்பும் காப்பும் தருவதால், கடற்கரை ஊர்களில் புன்னை பேணப்பட்டதற்கு நிழலும் பூவும் மட்டுமே காரணமாயிருக்க முடியாது.

நீருக்குள் எப்போதும் கிடக்கும் பலகைக்கு எண்ணெய் போதாது. அங்கே குங்கிலியமும் சுண்ணாம்பும் வருகின்றன. வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரங்களிலிருந்து கிடைப்பவை. குங்கிலியத்தை உருக்கித் தனியாகப் பூசினால் ஆறியதும் கண்ணாடி போல் நொறுங்கும். எண்ணெய் சேர்த்தால் நெகிழ்ச்சி பெறும். எண்ணெயின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மூட்டுக்கு ஒருவகை, பலகைக்கு ஒருவகை என்று ஆக்கிக்கொள்ளலாம். இங்கே இலக்கியத்தின் மௌனம் மறுபடியும் எதிர்ப்படுகிறது. திருக்கடவூரில் வாழ்ந்த குங்கிலியக்கலய நாயனார், மனைவியின் தாலியை விற்று நெல் வாங்கச் சென்றவர், எதிரே வந்த வணிகனிடம் குங்கிலியப் பொதியைக் கண்டு அதையே வாங்கிக் கோயிலில் சேர்த்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. மலைப்படுபொருளான குங்கிலியம் சோழநாட்டுக் கடற்கரையை ஒட்டிய ஊருக்குப் பொதியாக வந்து விற்றது என்பது இதனால் தெரிகிறது. ஆனால் இலக்கியம் அறிந்த குங்கிலியம் தூபத்துக்குரியது. கலத்தச்சனின் உலைச்சட்டியில் உருகிய குங்கிலியத்தைப் பாடுதற்குப் புலவருக்குக் காரணம் இருக்கவில்லை. தொழில்நுட்ப வரலாற்றை இலக்கியத்திலிருந்து மட்டும் எழுத முனைவோர் எதிர்கொள்ளும் இடர் இதுவே: தெய்வத்துக்கு ஏறிய பொருள் பதிவாகிறது, பலகைக்கு ஏறிய அதே பொருள் பதிவாவதில்லை.

சுண்ணாம்பும் எண்ணெயும் கலந்த சாந்து மேற்குக் கடற்கரையில் ‘கல்கல்’ என்று வழங்கியது. தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்த பர்னெலும் யூலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் சொல்லடைவில் இது நீர் புகாத சாந்து என்று விளக்கப்படுகிறது. அரபுக் கடலின் பாய்க்கலங்களில் நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பும் விலங்குக் கொழுப்பும் கலந்த வெள்ளைப் பூச்சும், மேலே சுறா எண்ணெயும் என இரண்டாகப் பிரித்துப் பூசும் முறை அண்மைக்காலம்வரை இருந்தது. ஒரே கலத்தின் மேலும் கீழும் வெவ்வேறு பூச்சுப் பெற்றமைக்குக் காரணம் மேலே கூறிய பகைகளின் வேறுபாடேயாகும். சுண்ணாம்புப் பூச்சு புழுவின் இளவுயிர் ஒட்டுவதற்குத் தடை. சில மாதங்களில் அது உதிரும். உதிர்ந்ததும் சுரண்டிப் பூசவேண்டும்.

சுரண்டிப் பூசக் கலத்தைக் கரையேற்றவேண்டும். குசராத்தின் காம்பே வளைகுடாவில் கடலேற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே எட்டு மீட்டருக்கு மேலும் வேறுபாடு உண்டு. ஏற்றத்தில் கலத்தைக் கரையோரம் நிறுத்தினால் இறக்கத்தில் தானே தரைதட்டி நிற்கும்; அடியைச் சுரண்டிப் பூசி, அடுத்த ஏற்றத்தில் மிதக்கவிடலாம். தமிழகக் கடற்கரையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவே. கடல் இங்கே அந்த உதவியைச் செய்வதில்லை. ஆள்வலியால் இழுத்தேற்றத்தக்க சிறுகலம், அல்லது கழிக்குள்ளும் ஆற்று முகத்துக்குள்ளும் ஒதுக்கத்தக்க பெருங்கலம் என்ற இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. உப்பு மிகக் குறைந்த நீரில் கப்பற்புழு நெடுநாள் பிழைப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகி முகத்துவாரங்கள் நன்னீராகும் மாதங்கள், கடல் கொந்தளித்துக் கலம் செல்லாத மாதங்களும் ஆகும். பட்டினப்பாலை உப்பு விற்று நெல்லேற்றி வந்த பஃறிகளைக் கழிக்கரையில் குதிரைகளைப் போல் கட்டியிருந்ததாகக் கூறும். காவிரிப்பூம்பட்டினமும் கொற்கையும் ஆற்று முகத்தில் அமைந்ததற்கு வணிகக் காரணங்களே முதன்மை. இருப்பினும் அவ்வமைப்பு கலத்தின் அடிமரத்துக்கு ஆண்டுதோறும் விலையில்லாத மருந்தாகவும் இருந்திருக்கும்.

கீலும் கலப்பற்றும்: சொற்சான்று

பூச்சுத் தொழிலின் சொற்களுள் இரண்டு தனியே நோக்கத்தக்கவை. பலகை இடுக்கில் நாரும் பிசினும் திணித்து அடைக்கும் வேலை கலப்பற்று எனப்படும். கலத்தில் பற்று வைத்தல் என்று தமிழாகவே பிரித்துப் பொருள் காண்பது எளிது. எளிது என்பதாலேயே தயங்கவேண்டும். அதே வேலையைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லும், அதற்கு மூலமாகக் கருதப்படும் அரபுச் சொல்லும் ஒலியிலும் பொருளிலும் மிக நெருங்கியவை. அரபு மாலுமி வழியாகவோ போர்த்துக்கீசியத் தச்சன் வழியாகவோ வந்த சொல் தமிழ் உருவம் பூண்டு நின்றது என்பதே பொருத்தம். ஆணியடித்த கலத்தின் தொழிற்சொல் அது. தைத்த கலத்தின் சொல்லன்று.

கீல் என்பது தாரையும் அதுபோன்ற கரிய பிசினையும் குறிக்கும். நிலக்கீல் என்ற இக்காலச் சொல்லிலும் அது வாழ்கிறது. ஐரோப்பியக் கப்பல்கள் வந்து தங்கிய துறைகளில் கீல் காய்ச்சுவது வழக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கரித் தார் மலிவாகக் கிடைத்தபோது எண்ணெயின் இடத்தை அது பல இடங்களில் பிடித்தது. ஐரோப்பியக் கப்பல்களுக்கும் புழு தீராத தொல்லையாகவே இருந்தது. ஆங்கிலக் கடற்படை 1761இல் ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. 1780ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது பொதுவழக்காயிற்று. கீலே போதுமானதாக இருந்திருந்தால் செம்புக்குத் தேவை ஏற்பட்டிராது.

முந்திரி ஓட்டு எண்ணெயைத் தொன்மையான தமிழ் மரக்காப்பு என்று கூறுவதும் திருத்தத்துக்குரியது. மரத்தைக் கறையானிடமிருந்து காக்கும் கார்ப்பு அதற்கு உண்டு. படகுக்கும் வலைக்கும் அது பயன்பட்டதும் உண்மை. ஆனால் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரால் 16ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட மரம். அதற்கு முற்பட்ட எக்கலத்துக்கும் அந்த எண்ணெயைப் பேச இயலாது.

கட்டுமரம்: பூசாமையே காப்பு

மேற்கூறிய எப்பூச்சும் இல்லாமல் இக்கடற்கரையில் நெடுங்காலம் நிலைத்தது கட்டுமரம். மலைவேம்பு, முருக்கு போன்ற இலேசான மரங்களைச் செதுக்கி, கயிற்றால் பிணைத்து, அலையில் செலுத்தி, திரும்பியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த சேம்சு ஆர்னெல் 1920இல் வெளியிட்ட இந்தியப் படகு வடிவங்கள் பற்றிய ஆய்வு, கட்டுமர வகைகளை இடந்தோறும் வேறுபடுத்திக் காட்டிய முதன்மையான பதிவு. அவருக்கு முன் எழுதிய ஐரோப்பியர் பலரும் அதை ஆதிமனிதனின் மிதவையாகவே கண்டனர். பூச்சும் வண்ணமும் இல்லாமை அக்கருத்துக்குத் துணை செய்தது.

கட்டையை அவிழ்ப்பது எதற்காக? இலேசான மரம் நீரை விரைவில் உறிஞ்சும். உறிஞ்சினால் மிதப்புக் குறையும், கரையேற்றச் சுமை கூடும். உலர்த்தினால் மிதப்பு மீளும். இது தொழிலாளர் நாள்தோறும் கண்ட பயன். மற்றொரு பயனும் அதனுள் அடங்கியிருந்தது. கப்பற்புழுவின் இளவுயிர் மரத்தில் ஒட்டிச் சில மணி நேரத்துக்குள் கட்டை வெயிலில் கிடந்தால் அது உலர்ந்து மடியும். கட்டைகளைப் பிணைத்தபடியே வைத்தால் இடுக்குகளில் ஈரம் தங்கும். அவிழ்த்தால் எல்லாப் பக்கமும் காயும். ஆக, கட்டுமரத்தின் கயிற்றுப் பிணைப்பு வெறும் இணைப்பு முறை மட்டுமன்று. மரத்தை நாள்தோறும் புழுவிடமிருந்தும் அழுகலிடமிருந்தும் மீட்கும் ஏற்பாட்டின் உறுப்பும் ஆகும்.

இத்தகைய கட்டைக்குக் கெட்டியான பூச்சு ஒன்றைப் பூசியிருந்தால் நிகழ்வது வேறு. மணலிலும் கயிற்றிலும் உராய்ந்து அடிப்புறப் படலம் சில நாள்களில் கிழியும். கிழிந்த இடத்தில் நீர் புகும். கிழியாத மேற்புறப் படலம் அந்நீரை வெளியேற விடாது. உலர்த்தும் வேலை தடைப்படும். வெளிப்படையான வார்னிஷாயின் இன்னும் ஒரு கேடு. படலத்தின் வழியே ஒளி உட்சென்று அடியிலுள்ள மரத்தின் லிக்னினைச் சிதைக்க, படலத்துக்குப் பிடிமானம் இல்லாமற்போய்ச் செதில் செதிலாக உரியும். ஐரோப்பிய உல்லாசப் படகுகளில் தேக்கின்மேல் பூசும் வார்னிஷ் ஆண்டுதோறும் தேய்த்துப் புதுப்பிக்கப்படுவது இதனால்தான். வெயில் நரைக்கச் செய்த கட்டுமரத்தின் மேற்பரப்பு பார்வைக்கு ஏழ்மையாகத் தோன்றலாம்; மரநூல் அறிவின்படி அது மெல்லிய தோல் அளவே ஆன மாற்றம்.

ஆற்றுக்கலம்

கடலை விட்டுக் காவிரிக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. நன்னீரில் கப்பற்புழு இல்லை. உப்பின் துணையும் இல்லை. மூங்கில் பின்னலாலான பரிசலுக்கு உடலே ஒரு சல்லடை; வெளிப்போர்வைதான் கலம். 1520ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியரான தோமிங்கோ பாயசு, கூடை போல் வட்டமாயிருந்து வெளியே தோல் போர்த்த ஓடங்களில் மக்கள் துங்கபத்திரையைக் கடந்ததை எழுதியுள்ளார். தென்னிந்தியப் பரிசல்களைப் பற்றி ஆர்னெலும் 1933இல் தனிக்கட்டுரை எழுதினார். பிற்காலத்தில் தோலின் இடத்தைத் தார் பூசிய சாக்கும் நெகிழித் தாளும் பிடித்தன. தோல் போர்த்த பரிசலும் கட்டுமரம் போலவே பயணம் முடிந்ததும் கவிழ்த்து உலர்த்தப்படவேண்டியது. தார் வந்தபின் அத்தேவை குறைந்தது. போர்வை நெகிழ்ச்சியை இழந்ததால் வெடிப்பை அடைக்கும் வேலை கூடியது.

உட்செலுத்திய நஞ்சும் கண்ணாடி இழையும்

பூச்சு என்ற கருத்தையே மாற்றிய கண்டுபிடிப்பு இந்தியாவிலேயே நிகழ்ந்தது. தேராதூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புக்கலவை ஒன்றை உருவாக்கினார். அழுத்தத்தால் மரத்தினுள் செலுத்தப்படும் இக்கலவையில் செம்பு பூஞ்சையையும் ஆர்செனிக் பூச்சியையும் எதிர்க்க, குரோமியம் அவ்விரண்டையும் நீரில் கரையாதபடி மரத்தோடு பிணிக்கிறது. உலகெங்கும் மின்கம்பத்துக்கும் பாலத்துக்கும் துறைத்தூணுக்கும் இம்முறை பரவியது. விடுதலைக்குப் பின் இயந்திரப் படகுகள் பெருகியபோது, 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் படகு மரத்துக்கான காப்பு முறைகளை ஆராய்ந்தது. இயந்திரப் படகு நாள்தோறும் கரையேறுவதில்லை. உலர்த்தல் நின்றுபோன இடத்தில் நஞ்சு தேவைப்பட்டது என்று இம்மாற்றத்தைச் சுருக்கிச் சொல்லலாம்.

அதற்கான விலையும் பின்னர் தெரியவந்தது. ஆர்செனிக் கசிவு குறித்த அச்சத்தால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரத்துக்கு இக்கலவை கைவிடப்பட்டது; ஐரோப்பாவும் அதை ஒட்டிக் கட்டுப்பாடு விதித்தது. கப்பலடி வண்ணங்களில் கலந்த கரிமவெள்ளீயச் சேர்மத்துக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008இல் நடைமுறைக்கு வந்தது. புழுவைக் கொல்லும் பொருள் புழுவோடு நிற்பதில்லை.

தமிழகக் கடற்கரையில் இவ்விவாதம் முற்றுப்பெறுவதற்கு முன்பே மரம் விடைபெற்றது. கட்டுமரத்துக்கான இலேசு மரம் அரிதாகி விலை ஏறியது. 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்தவற்றுள் பெரும்பகுதி கண்ணாடி இழைப் படகுகள். அவற்றுக்குப் புழு இல்லை, உலர்த்தல் இல்லை, எண்ணெய் இல்லை. வெயில் மட்டும் இன்னும் உண்டு. மேற்பரப்பின் பிசின் சுண்ணம் போல் பொடிந்து மங்குகிறது.

எஞ்சியுள்ள கட்டுமரங்களும் தோணிகளும் இனி அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரி முற்றங்களுக்கும் வந்து சேரும். அங்கே அவற்றுக்கு முதலில் பூசத் தோன்றுவது பளபளக்கும் வார்னிஷ். கூரையின்கீழ் நிற்கும் கலத்துக்கு அது தேவையில்லை. திறந்த வெளியில் நிற்கும் கலத்தை அது கெடுக்கும். மேலும், பழைய பலகையின் துளைகளில் ஊறி நிற்கும் மீனெண்ணெயும், மூட்டில் ஒட்டிய குங்கிலியமும், அடிப்புறத்தில் எஞ்சிய சுண்ணாம்புத் துகளும் வேதியியல் ஆய்வால் இனங்காணத்தக்கவை. இலக்கியம் சொல்லாது விட்டவற்றுக்கு இன்று கிடைக்கும் நேர்ச்சான்று அவையே. அவற்றைச் சுரண்டி எறிந்து புதுப்பூச்சு ஏற்றுவதற்கு முன், ஒவ்வொரு கலத்திலிருந்தும் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் மூட்டிலுமாக மூன்று இடங்களில் சிறு மாதிரி எடுத்து வைப்பது எளிய வேலை.